வீட்டுப்பள்ளிப் பிள்ளைக்கு வீடியோ அல்ஜீப்ரா: பாடத்திட்டம் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்புவரை கணக்கை நாமே சொல்லிக்கொடுத்துவிடலாம். அல்ஜீப்ரா வந்ததும் நேரமும் போதாது, பொறுமையும் போதாது. வீடியோவில் ஆசிரியர் நடத்தும் பாடத்திட்டம் ஒன்றை வாங்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றுவது அப்போதுதான்.

புதிதாக வருகிற பெற்றோர்கள் முதலில் பார்ப்பது வீடியோவை. ஆசிரியர் நன்றாகப் பேசுகிறாரா, படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து, பிள்ளை எல்லா வீடியோவையும் பார்த்திருக்கும், ஆனால் அடைப்புக்குறியைப் பிரிக்கத் தெரியாது. வீடியோ கடைசியில் பார்க்கவேண்டிய விஷயம். அதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைக் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: கோடு போட்ட ஒரு நோட்டு, பென்சில், பிள்ளை கடைசியாக முடித்த கணக்குப் புத்தகம், உங்கள் வாரத்தில் எந்த நாளில் எத்தனை மணி நேரம் உட்காரமுடியும் என்ற நேர்மையான குறிப்பு. கால்குலேட்டரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

1. பிள்ளை தயாரா என்று தாளில் பாருங்கள்

வயதையோ வகுப்பையோ வைத்து முடிவெடுக்க வேண்டாம். கீழே உள்ள ஆறு கணக்கையும் கொடுங்கள். தெரியாத எண்ணுக்கு எக்ஸ் போடும் இடத்தில் இந்தக் கட்டுரை முழுக்க 'க' என்று போட்டிருக்கிறேன்.

−7 − (−4)
3/4 − 5/6
24 ÷ 6 × 2
−3²
60-இல் 15 சதவீதம்
ஒரு எண்ணின் இரு மடங்கோடு 5 சேர்த்தால் 17. அந்த எண் என்ன?

விடைகள் −3, −1/12, 8, −9, 9, 6. மதிப்பெண்ணைவிட எது தவறியது என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது கணக்கில் பல பிள்ளைகள் 2 என்று எழுதும். எதை முதலில் செய்வது என்பதற்கு அமெரிக்கப் பாடத்தில் 'பெம்டாஸ்' என்ற சுருக்கத்தை மனப்பாடம் செய்ததால், பெருக்கல் முதலில், வகுத்தல் பிறகு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாம் 'போட்மாஸ்' படித்தவர்கள், நமக்கு வகுத்தல் முன்னால் வரும். இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: பெருக்கலும் வகுத்தலும் சம உரிமை உள்ளவை, இடமிருந்து வலமாகப் போக வேண்டும். இந்த ஒன்று மட்டும் தவறினால் ஒரு மதியத்தில் சரிசெய்துவிடலாம்.

நான்காவதில் 9 என்று வந்தாலும் பெரிய கவலை இல்லை. வர்க்கம் 3-க்கு மட்டும்தான், மைனஸ் வெளியே நிற்கிறது என்று அல்ஜீப்ரா பாடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

பின்னமும் மைனஸ் எண்ணும் சேர்ந்து தவறினால் மட்டும் நில்லுங்கள். அல்ஜீப்ராவின் இரண்டாவது மாதத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் இவை வரும். அப்போது பிள்ளை தடுமாறுவது பின்னத்தில், ஆனால் தனக்கு அல்ஜீப்ரா வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அந்த எண்ணத்தை அப்புறம் மாற்றுவது கடினம்.

இதற்காக முழு ஆண்டு ப்ரீ-அல்ஜீப்ரா (அல்ஜீப்ராவுக்கு முந்தைய பாடம்) வாங்க வேண்டியதில்லை. கான் அகாடமி இணையதளத்தில் 'கெட் ரெடி ஃபார் அல்ஜீப்ரா 1' என்று ஒரு இலவசப் பாடம் இருக்கிறது. ஓட்டையான பகுதிகளை மட்டும் அதில் முடித்துவிட்டு வாருங்கள். ஆறில் பாதிக்குமேல் தவறினால் ப்ரீ-அல்ஜீப்ராவே சரி.

பாடத்திட்டம் விற்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் தளத்தில், பிள்ளை எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைத்திருக்கும். அதையும் எழுத வையுங்கள், ஆனால் இதற்குப் பிறகு. அந்தத் தேர்வு அவர்களுடைய வரிசையை வைத்து அளப்பது. ஒரு நிறுவனத்தின் ப்ரீ-அல்ஜீப்ராவை முடித்த பிள்ளை இன்னொன்றில் ஒரு படி கீழே விழுவது சாதாரணம்.

2. யார் திருத்தப் போகிறார்கள்?

என்னைப் பொறுத்தவரை பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்.

5 − 2(க − 4) = 1

பிள்ளை எழுதுகிறது: 5 − 2க − 8 = 1. அடுத்து −3 − 2க = 1. கடைசியில் க = −2.

சரியான விடை 6. முதல் வரியில் −2 ஐ −4 ஆல் பெருக்கும்போது +8 வந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் பிள்ளை செய்த எல்லாமே சரி. கணினி 'தவறு' என்று காட்டிவிட்டு முழுத் தீர்வையும் ஓட்டிக் காட்டும். பிள்ளை அதைப் பார்த்து 'ஓ, சரி' என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகும். நாளைக்கு அதே இடத்தில் அதே தவறு வரும். நோட்டைப் பார்க்கிற மனிதர் ஒருவர் இருந்தால், இரண்டாவது முறையே அந்த மைனஸில் விரலை வைத்திருப்பார்.

திருத்துவதில் மூன்று ஏற்பாடுகள் உண்டு.

கணினி திருத்துவது: டீச்சிங் டெக்ஸ்ட்புக்ஸ், கான் அகாடமி. வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது நோட்டை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். நோட்டே இல்லாமல் மனக்கணக்காகத் தட்டும் பிள்ளைக்கு இந்த வகை ஆபத்து.

பெற்றோர் திருத்துவது: மேத்-யூ-சீ, சாக்சன் இரண்டும் இப்படித்தான். தினமும் இருபது நிமிடமாவது வேண்டும். உங்களுக்குக் கணக்கு மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, படிப்படியான தீர்வுப் புத்தகம் கையில் இருந்தால் போதும்.

வெளியாசிரியர் திருத்துவது: டெரெக் ஓவன்ஸ் போன்றவர்களின் பாடங்களில், வீடியோவோடு வீட்டுப்பாடத்தையும் தேர்வையும் திருத்தித் தரும் ஏற்பாடு உண்டு. செலவு கூடும். அம்மா அப்பா திருத்தினால் சண்டை வருகிற வீட்டில் அந்தச் செலவு நியாயமானதே.

எது உங்கள் வீட்டுக்கு என்று தாளில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எழுதாமல் விட்டால், அழகான ஒரு மாதிரி வீடியோ இந்த முடிவை உங்களுக்காக எடுத்துவிடும்.

3. இந்தப் பாடம் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விட வேண்டும்

மாநில விதியைப் பாருங்கள். டெக்சஸில் கணக்கு பாடமாக இருந்தால் போதும், யாருக்கும் அறிக்கை கொடுக்க வேண்டாம். பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் பிள்ளையின் வேலைகளைத் தொகுத்து மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். நியூயார்க்கில் காலாண்டு அறிக்கை உண்டு. காகிதத்தில் மாதிரி காட்டவேண்டிய மாநிலத்தில் இருந்தால், திரையிலேயே முடிந்துவிடும் பாடத்திட்டத்துக்கும் ஒரு நோட்டு போட்டுத் தேதியோடு வைத்திருங்கள். மே மாதத்தில் தேடினால் கிடைக்காது.

அடுத்தது ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது கல்லூரிக்குக் கொடுக்கும் பாட, மதிப்பெண் பட்டியல். வீட்டுப்பள்ளியில் அதைத் தயாரிப்பது பெற்றோரே. அதில் ஒரு முழு ஆண்டுப் பாடத்துக்குப் போடும் ஒரு கிரெடிட் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் கார்னகி அளவு 120 மணி நேரம். முழு அல்ஜீப்ரா 1 பாடம் அந்த அளவுக்கு இருக்க வேண்டும். விளையாட்டில் கல்லூரிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, வீட்டில் படித்த ஒவ்வொரு முக்கியப் பாடத்துக்கும் என்ன புத்தகம், எப்படி மதிப்பிட்டீர்கள் என்று தனிப் படிவம் கேட்கும்.

கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வும் இங்கேதான் வருகிறது. இப்போதைய டிஜிட்டல் தேர்வில் கணக்குப் பகுதி 44 கேள்வி, 70 நிமிடம். அதில் சுமார் 35 சதவீதம் அல்ஜீப்ரா. இருபடிச் சமன்பாடு, அடுக்குக்குறி எல்லாம் சேர்ந்த மேல்நிலைப் பகுதி இன்னொரு 35 சதவீதம். ஆகவே அல்ஜீப்ரா 1 மட்டும் பார்க்காமல், அதே நிறுவனத்தில் அல்ஜீப்ரா 2 வரை போகும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

பொருளடக்கத்தையும் படியுங்கள். அல்ஜீப்ரா 1 என்ற பெயரில் எல்லோரும் ஒரே அளவு வைப்பதில்லை. இருபடிச் சூத்திரத்தைச் சிலர் முதல் ஆண்டிலேயே முடிப்பார்கள், சிலர் அல்ஜீப்ரா 2-க்குத் தள்ளுவார்கள். சாக்சனின் மூன்றாம் பதிப்பு வரிசையில் ஜியோமெட்ரி தனிப் புத்தகமாக இல்லை, அல்ஜீப்ராவுக்குள்ளேயே கலந்து வரும். நடுவில் வேறொன்றுக்கு மாறினால் ஜியோமெட்ரி அரைகுறையாக நிற்கும்.

4. பயிற்சி எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது

இரண்டு வகை. ஒரு தலைப்பை எடுத்து முழுதாக ஊறவிட்டு அடுத்ததற்குப் போவது ஒன்று. மேத்-யூ-சீ அப்படி: வாரத்துக்கு ஒரு பாடம், ஒரு சிறிய வீடியோ, அதைச் சுற்றியே பயிற்சித் தாள்கள். மற்றது, தினம் கொஞ்சம் புதியது, நிறையப் பழையது. சாக்சன் அல்ஜீப்ரா 1 மூன்றாம் பதிப்பில் 120 பாடம், ஒவ்வொன்றின் கீழும் 30 கணக்கு. அந்த முப்பதில் அன்றைய பாடத்திலிருந்து வருவது நாலைந்துதான்.

சீக்கிரம் மறந்துபோகும் பிள்ளைக்கு இரண்டாவது வகை பொருந்தும். புதிது புதிதாகத் தலைப்பு மாறினால் பதறும் பிள்ளைக்கு முதல் வகை. கடைசியாக முடித்த புத்தகத்தைத் திறந்து, நான்கு மாதம் முன் படித்த பாடத்திலிருந்து ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். யோசிக்காமல் போட்டால் முதல் வகை போதும். முழித்தால் இரண்டாவது.

முப்பது கணக்கு அதிகம் என்று ஒற்றைப்படை எண்களை மட்டும் போட வைக்கும் பழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது. சாக்சனில் அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு தலைப்பும் ஒன்றிரண்டு கணக்காகத்தான் திரும்பி வருகிறது. பாதியை வெட்டினால் சில தலைப்புகள் பிள்ளையின் கண்ணில் படவே படாது. நேரம் போதாவிட்டால் ஒரு பாடத்தை இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

5. மூன்றாகச் சுருக்குங்கள்

இதுவரை எழுதியதை வைத்து மூன்று பெயருக்குமேல் வேண்டாம். அதற்குமேல் போனால் கோடை விடுமுறை முழுக்க ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

நேரம் குறைவு, பிள்ளைக்குக் கணக்கு பயம்: டீச்சிங் டெக்ஸ்ட்புக்ஸ். பாடம், திருத்தம், மதிப்பெண் எல்லாம் ஒரே செயலியில். வேகம் மென்மையானது. பொறியியல் நோக்கமுள்ள பிள்ளைக்கு, பிறகு கூடுதல் பயிற்சி தேவைப்படும் என்பது என் கருத்து.

கையால் தொட்டுப் புரிந்துகொள்ளும் பிள்ளை: மேத்-யூ-சீ. கட்டைகளை வைத்துக் காரணிப்படுத்துவதைக் காட்டுவார்கள். சூத்திரத்தில் புரியாத பிள்ளைக்குச் செவ்வகத்தின் நீள அகலமாகப் பார்த்ததும் புரிந்துவிடுகிறது.

ஒழுங்காக உட்காரும் பிள்ளை, திருத்த ஆள் இருக்கிறது: சாக்சன். புத்தகத்தில் வீடியோ கிடையாது, நிக்கோல் த மேத் லேடி போன்ற வெளி வீடியோக்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வார்த்தைக் கணக்கில் பலம் வேண்டும்: ஃபோர்ஸ்டரின் அல்ஜீப்ரா 1 புத்தகம், அதற்காக டேவிட் சாண்ட்லர் செய்த மேத் வித்தவுட் பார்டர்ஸ் வீடியோ.

கணக்கென்றால் உயிர்: ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங். அறிமுக அல்ஜீப்ராவுக்கான வீடியோக்களும் அல்குமஸ் என்ற இணையப் பயிற்சியும் இலவசம், புத்தகத்துக்குத்தான் காசு. நம் குடும்பங்களில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். ஒரு கணக்கில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு நிற்பதை ரசிக்கிற பிள்ளைக்கானது அது. ரசிக்காத பிள்ளை நல்ல புத்திசாலியாக இருந்தாலும் இதில் துவண்டுவிடும்.

காசே செலவழிக்க முடியாத நிலை: கான் அகாடமி. தாராளமாக முழு ஆண்டும் ஓட்டலாம். ஆனால் எழுத்துத் தேர்வை நீங்கள்தான் தயாரிக்க வேண்டும்.

6. இப்போது வீடியோவைப் பாருங்கள், ஒரே தலைப்பில்

விளம்பரத்துக்காக வைத்திருக்கும் முதல் பாடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் பாடம் எல்லோரிடமும் நன்றாகத்தான் இருக்கும். டீச்சிங் டெக்ஸ்ட்புக்ஸில் முதல் 15 பாடம் இலவசமாகப் பார்க்கலாம். மற்றவர்களிடமும் மாதிரிகள் கிடைக்கும். மூன்றிலும் இரண்டு தலைப்பைத் தேடுங்கள். மாதிரியில் இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

முதலாவது, அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ். ஏன் குறி மாறுகிறது என்று சொல்கிறாரா, மாறும் என்று மட்டும் சொல்கிறாரா?

இரண்டாவது, தூரம்-வேகம்-நேரம். மணிக்கு 60 மைலில் ஒரு கார் கிளம்புகிறது. இரண்டு மணி நேரம் கழித்து, மணிக்கு 80 மைலில் இன்னொரு கார் அதே வழியில் வருகிறது. எப்போது பிடிக்கும்? நல்ல ஆசிரியர் சமன்பாட்டுக்குப் போகுமுன் 'க என்பது யாருடைய நேரம்?' என்று கேட்டு நிறுத்துவார். இரண்டாவது காரின் நேரம் என்றால் 60(க + 2) = 80க, விடை 6 மணி நேரம். பிள்ளைகள் +2 ஐ வேகமான காரின் பக்கம் போட்டுவிடுவது இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான். அட்டவணை போட்டு எண்களை மட்டும் நிரப்பிக் காட்டும் வீடியோவில் விடை வந்துவிடும், யோசிக்கும் வழி வராது.

பார்க்கவேண்டியது பிள்ளை. நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்ததும் திரையை மூடி, அதே கணக்கை எண் மாற்றிக் கொடுத்து, போட்டுக்கொண்டே உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ கலந்தோ, எப்படி வந்தாலும் சரி. 'பிடிச்சிருந்ததா?' என்று கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்க வைக்கும் ஆசிரியரைப் பிள்ளைக்குப் பிடிக்கும், விளக்கம் மட்டும் வராது. அந்த வித்தியாசம் இங்கே தெரிந்துவிடும்.

7. பணம் கட்டுமுன்

பதிப்பைச் சரிபாருங்கள். சாக்சனில் மூன்றாம் பதிப்பும் நான்காம் பதிப்பும் வேறு வேறு. பழைய புத்தகத்தை மலிவாக வாங்கி, வீடியோவை வேறு பதிப்புக்கு வாங்கினால் பாட எண்களே பொருந்தாது.

விடைக்குறிப்பு வேறு, படிப்படியான தீர்வுப் புத்தகம் வேறு. தொகுப்பில் இருப்பது எது என்று பாருங்கள். தீர்வுப் புத்தகம் தனி விலை என்றாலும் வாங்கிவிடுங்கள்.

சந்தா எத்தனை மாதம், நடுவில் ஊருக்குப் போனால் நிறுத்தி வைக்கலாமா, தம்பி தங்கைக்கும் அதே சந்தா செல்லுமா, பணம் திருப்பித் தரும் கெடு எது என்று கேளுங்கள். பயன்படுத்திய பொருள் வாங்கினால் ஆன்லைன் குறியீடு பெரும்பாலும் செல்லாது.

8. முதல் ஆறு வாரம்

வீடியோ, பயிற்சி, அன்றே திருத்தம், தவறியதை மறுபடி போடுவது. வரிசை இதுதான். திருத்தத்தை வார இறுதிக்குத் தள்ளினால், பிள்ளை ஐந்து நாள் ஒரே தவறைப் பழகியிருக்கும்.

வீடியோ ஓடும்போது கையில் பென்சில் இருக்க வேண்டும். ஆசிரியர் கணக்கை எழுதியதும் நிறுத்தி, பிள்ளை முயன்று பார்த்துவிட்டுத் தொடரட்டும். தேர்வில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அடுத்த அத்தியாயம் வேண்டாம்.

தமிழ் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீடியோ ஆசிரியர் 'இரு பக்கத்திலும் 5 ஐக் கழிப்போம்' என்று சொல்லியிருப்பார். பிள்ளை உதவி கேட்டதும் நாம் 'அஞ்சு அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்' என்போம். நாம் படித்த வழி அது, தவறில்லை, வேகமானதும்கூட. ஆனால் சமன்பாடு என்றால் சமநிலை என்று இப்போதுதான் புரிந்துவரும் பிள்ளைக்கு, எண் குறியை மாற்றிக்கொண்டு தாண்டிப்போவது மந்திரமாகத் தெரியும். அப்புறம் பெருக்கும் எண்ணையும் மைனஸாக்கித் தாண்டவைக்கும். 3க = 12 என்பதற்கு க = 12 − 3 என்று எழுதும் பிள்ளைகளில் பலருக்கு இதுதான் மூலம். முதல் அரையாண்டு வீடியோவின் சொற்களையே நீங்களும் பேசுங்கள். நேர்கோட்டுச் சமன்பாட்டில் நாம் 'சி' என்று படித்ததை அங்கே 'பி' என்பார்கள். அதையும் அவர்கள் வழியிலேயே விட்டுவிடுங்கள்.

9. மாற்றத் தோன்றினால்

'பிடிக்கல' என்பது மாற்றக் காரணம் இல்லை. ஆறு வாரம் நோட்டைத் திருத்தியும் ஒரே வகைத் தவறு குறையவில்லை என்றால் அது காரணம்.

அப்போதும் முழுவதையும் தூக்கிப்போட வேண்டாம். புத்தகமும் வீடியோவும் பிரிக்கக்கூடியவை. பயிற்சிப் புத்தகம் பொருந்துகிறது, விளக்கம் புரியவில்லை என்றால், அந்தத் தலைப்புக்குக் கான் அகாடமி வீடியோவைப் பார்த்துவிட்டுப் பழைய புத்தகத்திலேயே கணக்குப் போடட்டும். விளக்கம் புரிகிறது, கணக்கு போதவில்லை என்றால் பயிற்சியை மட்டும் கூட்டுங்கள்.

முழுதாக மாற்றியே தீரவேண்டும் என்றால் ஓர் அத்தியாயம் முடிந்த இடத்தில் மாற்றுங்கள். புதியதில் முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், அதன் அத்தியாயத் தேர்வுகளை வரிசையாக எழுத வைத்து, 80-க்குக் கீழே விழும் முதல் அத்தியாயத்தில் ஆரம்பியுங்கள்.